ஆரணித் தறி முதல் காடா ட்ரையல் வரை... உங்களுக்கே உங்களுக்காக ஓர் உடை செய்வது எப்படி?

அம்மாவின் கல்யாணப் புடவை ஆரணிப் பட்டு. அரக்கு உடல், பச்சைக் கரை. பீரோ மேல்தட்டில், ஒரு பழைய வேட்டிக்குள் 27 வருஷமாகச் சுருண்டு கிடந்தது. அக்கா கல்யாணத்துக்கு அதையே நீள கவுனாகத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. ஊரில் ஒரு பொட்டிக்குக்குப் போனேன். போனில் ஒரு படத்தைக் காட்டி, ``இதே மாதிரி வேணும்'' என்றேன். ``பண்ணிடலாம்மா'' என்றார்கள். அளவெடுக்க ஐந்து நிமிஷம். ரசீதில் `கவுன் - 1' என்று மட்டும் எழுதியிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. முந்தானையை வெட்டிக் கைக்கு வைத்திருந்தார்கள். கரை, இடுப்பில் பாதி, முதுகில் பாதி. கையை உள்ளே விட்டதுமே, பழைய மடிப்பு இருந்த இடத்தில் பட்டு `சர்'ரென்று கிழிந்தது. அம்மா ஒண்ணும் சொல்லல. ``விடு, மண்டபத்துக்கு நேரமாச்சு'' என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத் துண்டுகளை அதே வேட்டியில் மடித்து வைத்தார்.

யோசித்துப் பார்த்தால் தப்பில் பாதி என்னுடையது. என்ன துணி, எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது, எப்போ ட்ரையல்... எதையுமே நான் பேசவில்லை. நமக்கென்று ஒருவர் கையால் செய்து தரும் உடைக்குப் பணத்தைவிட முக்கியமான முதலீடு பேச்சுதான். அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டேன். நீங்களும் துணியைப் பலிகொடுக்காமலே கற்றுக்கொள்ளலாம், வாங்க!

`பெஸ்போக்'னா என்ன?

இன்ஸ்டாவில் திரும்பிய பக்கமெல்லாம் `பெஸ்போக்', `கஸ்டமைஸ்டு' என்ற வார்த்தைகள். லண்டனின் சாவில் ரோ தெரு டெய்லர்களிடமிருந்து பரவிய சொல் பெஸ்போக். `பேசி வைக்கப்பட்டது' என்பதுதான் அதன் அர்த்தம். நம்ம ஊரில் தட்டாரிடம் `சொல்லி செஞ்சது' என்று காதுத்தோட்டைக் காட்டிப் பெருமைப்படுவோமே, அதேதான்!

உடையில் மூன்று வகை உண்டு. ஒன்று, ரெடிமேடு. எஸ், எம், எல் என்று யாரோ ஒருவருக்கான சராசரி அளவு. இரண்டாவது, ஏற்கெனவே உள்ள ஒரு கட்டிங்கை உங்கள் அளவுக்குக் கூட்டிக் குறைப்பது. நாம் வழக்கமாக அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைப்பது இந்த ரகம். மூன்றாவதுதான் பெஸ்போக். உங்கள் உடம்புக்கென்றே புதிதாக பேட்டர்ன் வரைந்து, மாதிரி தைத்து, போட்டுப் பார்த்து, திருத்தி, அப்புறம் அசல் துணியில் கத்திரி வைப்பது. சாவில் ரோ டெய்லர்கள் 2004-ல் தொடங்கிய சங்கம், ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆனால், 2008-ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, பெரும்பகுதி மெஷினில் தைத்த சூட்டையும் பெஸ்போக் என்று விளம்பரப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது. அதாவது, போர்டில் உள்ள வார்த்தையை நம்பிப் பயனில்லை. `எனக்குத் தனி பேட்டர்ன் வரைவீங்களா? எத்தனை ட்ரையல்?' இந்த ரெண்டு கேள்விக்கு வரும் பதிலை வைத்து முடிவு பண்ணுங்க.

துணியிலிருந்து தொடங்குவோம்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கடையில் துணி வாங்கி டிசைனரிடம் கொடுப்பது எல்லா ஊரிலும் நடப்பது. நம்ம மாவட்டத்தில் துணியையே சொல்லி நெய்யலாம். அண்ணாமலையாரிடமிருந்து போளூர் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் ஆரணி. அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பக்கத்திலிருக்கும் தேவிகாபுரத்திலும் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும். காஞ்சிபுரத்தைவிட எடை குறைவான ரகங்கள் இங்கே கிடைப்பதால், புடவைக்கு மட்டுமல்ல, லெஹங்கா, குர்தா, ஷர்ட் என்று தைக்கவும் தோதானது.

பட்டு வேண்டாம், காட்டன்தான் என்றால் இன்னும் சுலபம். தமிழ்நாட்டில் 1935-ல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறித் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஈரோடு பக்கம் சென்னிமலை, பாண்டிச்சேரி பக்கம் ஆரோவில் என்று கைத்தறியையும் இயற்கைச் சாயத்தையும் நம்பி இயங்கும் டிசைனர்களும் இருக்கிறார்கள். ஆரோவில்லில் உமா பிரஜாபதி தொடங்கிய `உபாசனா' அதில் நன்கு அறியப்பட்ட பெயர்.

இயற்கைச் சாயம் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவுரி, மஞ்சிட்டி, மாதுளைத் தோல், கடுக்காய் என்று போகும் இந்தச் சாயங்களில் ஒரு தடவை வந்த நிறம் மறு தடவை அச்சு அசலாக வராது. எனவே, குர்தா, பேன்ட், துப்பட்டா மூன்றும் ஒரே நிறத்தில் வேண்டுமென்றால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சமயத்தில் சாயம் போடச் சொல்லுங்க. பிறகு வந்து `இன்னும் அரை மீட்டர் அதே கலர்ல கொடுங்க' என்றால் முடியாது.

தறியில் ஆர்டர் கொடுப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய `பாவு' கணக்கு

புடவையின் நீளவாக்கில் ஓடும் இழை பாவு. குறுக்கே, நாடாவில் வைத்து ஓட்டும் இழை ஊடை. தறியில் ஒரு பாவு ஏற்றினால், பெரும்பாலும் இரண்டு, மூன்று புடவைகளுக்கு வரும். ஒரே ஒரு புடவைக்கென்று பாவு போடுவது நெசவாளருக்குக் கட்டுப்படியாகாது. ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டும். அந்த உழைப்பு ஒரு புடவைக்கும் அதேதான், மூன்று புடவைக்கும் அதேதான். `எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்' என்று போய் நிற்பவர்களுக்குப் பல இடங்களில் `முடியாது' என்ற பதில் வருவதற்குக் காரணம் இதுதான். அவர்கள் பிகு பண்ணவில்லை.

இதற்கு மூணு வழி இருக்கு.

1. ஓடுகிற பாவில் சேருங்க. தறியில் ஏற்கெனவே உள்ள பாவின் நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால், ஊடையின் நிறம், முந்தானை, புட்டா ஆகியவற்றை மட்டும் மாற்றச் சொல்லலாம். செலவும் நாளும் குறையும். பாவு பச்சை, ஊடை நீலம் என்றால் மயில் கழுத்து நிறம் கிடைக்கும். டபுள் ஷேடு என்பது இதுதான்.

2. கூட்டுப் பாவு. அக்கா தங்கச்சி, தோழிகள் என்று மூணு பேர் சேர்ந்து ஒரு பாவைப் பகிர்ந்துகொள்ளலாம். பாவின் நிறமும் கரையும் மூணு பேருக்கும் ஒன்று. ஊடையும் முந்தானையும் ஆளுக்கொன்று.

3. முழுப் பாவும் எனக்கே. ஒன்றைப் புடவையாகவும், மற்றதை உடல் துணியாக நெய்து லெஹங்கா, மாப்பிள்ளை ஷர்ட், குழந்தைப் பாவாடை என்றும் பிரித்துக்கொள்ளலாம். ஆனால், இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெய்து முடித்த பிறகு `முந்தானை வேண்டாமே' என்றால் ஜரிகைக் காசு வீண்.

அடுத்தது டிசைன். கரையிலும் முந்தானையிலும் வரும் பூ, யானை, அன்னம் எல்லாம் ஜக்கார்டு பெட்டியின் துளை அட்டைகளில் எழுதப்பட்டவை. புது டிசைன் என்றால் வரைந்து, கட்டம் போட்டு, புது அட்டை அடிக்க வேண்டும். அது தனிச் செலவு. நெசவாளரிடமோ சொசைட்டியிலோ உள்ள பழைய அட்டைகளைக் காட்டச் சொல்லிப் பாருங்க. பாட்டி காலத்து ரேக்கு, கோபுரக் கரை எல்லாம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். கல்யாண ஜோடியின் முகத்தையே முந்தானையில் நெய்து வாங்கும் ஆசை இருந்தால், உருவங்களை நெய்வதில் கோவை மாவட்டம் சிறுமுகை நெசவாளர்கள் பேர்பெற்றவர்கள்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இருந்து, இரண்டும் தறியிலேயே பின்னிச் சேர்வது கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். கூட ஓர் ஆளும் தேவைப்படும். அதனால் கோர்வைப் புடவைக்கு விலையும் அதிகம், நாளும் அதிகம். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை ஒரு புடவை தறியில் இருக்கும். பாவு தயாராகும் நாள்கள் தனி.

விலையைப் பிரித்துக் கேளுங்க... பேரம் பேசாதீங்க!

சொல்லி நெய்யும் துணியின் விலையில் ஐந்து பங்குகள் உண்டு. பட்டு நூலின் எடை, ஜரிகையின் எடையும் ரகமும், நெசவுக் கூலி, டிசைன் அட்டை, விற்பவரின் லாபம். `மொத்தம் எவ்ளோ?' என்பதோடு நிறுத்தாமல் இந்த ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்க. நேர்மையான இடத்தில் பதில் வரும்.

பட்ஜெட் இடித்தால் குறைக்க வேண்டிய இடம் ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுவது. வெள்ளி, தங்கம் விலை ஏறினால் புடவை விலையும் ஏறும். காஞ்சிபுரத்தில் இதற்கென்றே தமிழ்நாடு ஜரிகை ஆலை என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. செம்பு அடிப்படையிலான பாதி ஜரிகையும், பளபளக்கும் பிளாஸ்டிக் ஜரிகையும் மார்க்கெட்டில் உண்டு. விலை குறைந்த ஜரிகை போடுவது தப்பில்லை. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. எது என்று ரசீதில் எழுதி வாங்குங்க.

குறைக்கக் கூடாத இடம் கூலி. பல நெசவாளர்கள் சொந்தமாக நெய்து விற்பவர்கள் இல்லை. முதலாளியிடம் நூல் வாங்கி, புடவைக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்கிறவர்கள். நீங்க நேராகக் கொடுக்கும் ஒரு ஆர்டர், அவர்களுக்கு நடுவில் யாரும் இல்லாத ஒரு புடவை. ஆனால், நேராகக் கொடுக்கும்போது நூல் வாங்கும் காசும் அவர் தலையில்தான் விழும். அதனால் முன்பணம் கேட்பது நியாயம். நூலுக்குண்டான பங்கை முதலில், மீதியைத் துணி கைக்கு வரும்போது என்று பேசிக்கொள்ளலாம். ஆர்டர் கொடுத்துவிட்டுப் பாதியில் `கலர் பிடிக்கல' என்று ஓடிப்போவது நமக்கு ஒரு பிளாக் பட்டன். அவருக்கு அது ஒரு மாதச் சாப்பாடு.

அசலா, போலியா? - 5 நிமிட டெஸ்ட்

* நெருப்பு டெஸ்ட்: துணியின் ஓரத்திலிருந்து பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை கேட்டு வாங்கிக் கொளுத்துங்க. பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு எரியும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, மணியாக இறுகும். பருத்தி, காகிதம்போல எரியும். இரண்டு இழைகளையும் பார்ப்பது முக்கியம். பாவு பட்டு, ஊடை வேறு ஏதோ என்று இருக்கலாம்.

* ஜரிகை டெஸ்ட்: ஜரிகை இழையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்க. அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை இழை தெரிந்தால் கேள்வி கேளுங்க.

* புறப்பக்கம்: கோர்வைப் புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பாருங்க. இரண்டு நிற இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று கைகோத்திருக்கும்.

* ஓரத் துளைகள்: தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசித் துளைகள், கைத்தறித் துணியின் இரு ஓரங்களிலும் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். அதைக் குறை என்று நினைக்காதீங்க. அதுதான் கையெழுத்து.

* முத்திரை: பட்டுக்கு சில்க் மார்க் (2004 முதல்), கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் (2006 முதல்). கோ-ஆப்டெக்ஸ் பட்டுப்புடவைகளில் நெசவாளரின் படமும் பெயரும் கொண்ட அட்டையை வைத்தார்கள். சகாயம் ஐ.ஏ.எஸ் அங்கே நிர்வாக இயக்குநராக இருந்தபோது வந்த நல்ல பழக்கம் அது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 1985-ம் வருடத்துக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட 11 ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும். சில வகைப் புடவைகளும் வேட்டிகளும் அதில் வரும். விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்பது, வாங்குபவர், நெய்பவர் இருவர் வயிற்றிலும் அடிப்பது.

டிசைனரிடம் போகும்முன் ஹோம்வொர்க்

பின்ட்ரஸ்ட்டில் 40 படம் சேமித்துக்கொண்டு போனால் டிசைனர் குழம்பிவிடுவார். மூணு படம் போதும். ஆனால், ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். `இதில் கழுத்து, இதில் கை, இதில் கலர்.' பிடிக்காத ஒரு படத்தையும் எடுத்துப் போங்க. `இது மட்டும் வேண்டவே வேண்டாம்' என்பது மிகத் தெளிவான குறிப்பு.

அப்புறம் இந்த விஷயங்களைச் சொல்லிடுங்க. எங்கே போடப் போகிறீர்கள்? மனையில் மணிக்கணக்கில் சம்மணம் போட்டு உட்காரணுமா, மேடையில் நிற்கணுமா? ஏசி மண்டபமா, சித்திரை வெயிலா? 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும் குர்தா என்றால், பட்டு வேண்டாம், தளர்வான காட்டன் போதும். அதற்குப் பிறகும் அந்த உடையைப் போடுவீர்களா? இதே கேள்விதான் கவுனா, புடவையா, குர்தாவா என்பதைத் தீர்மானிக்கும்.

பாய்ஸ், இது உங்களுக்கும்தான்! ரெடிமேட் சட்டையில் தோள் பொருந்தினால் வயிறு பொருந்தாது, வயிறு பொருந்தினால் கை நீளும். செங்கம் சாலையில் ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று குர்தா தைத்துக்கொண்டு போகிறார்கள். நாமதான் ஆன்லைனில் மாற்றி மாற்றி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

காடா ட்ரையல் - விடவே விடாதீங்க

கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் கொப்பரையில் எரிகிறதே, அந்தத் திரி என்ன துணி தெரியுமா? காடா. ஆயிரம் மீட்டருக்கு மேல் போகும். வெளுக்காத, சாயம் போடாத, விலை குறைந்த அந்தக் காடா துணிக்கு டிசைனர்களிடமும் ஒரு வேலை உண்டு. விலை உயர்ந்த துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால், அதே அளவில் காடாவில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்ப்பது. வெளிநாட்டு டிசைனர்கள் இதற்கு மஸ்லின் துணியைப் பயன்படுத்துவார்கள்.

என் கவுனுக்கு இந்த ஒரே ஒரு காரியம் நடந்திருந்தால் போதும், அம்மாவின் புடவை தப்பியிருக்கும். கூடுதலாகக் கொஞ்சம் காசும் ஒரு வாரமும் ஆகும். ஆனால், தவறு காடாவோடு போகும்.

காடா ட்ரையலில் கண்ணாடி முன்னால் சிலை மாதிரி நிற்காதீங்க. கையைத் தலைக்கு மேல் தூக்குங்க. உட்காருங்க. குனிந்து காலைத் தொட்டுக் கும்பிடுங்க. மூச்சை நன்றாக இழுத்து விடுங்க. அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையும் செருப்பும் ட்ரையலிலும் இருக்கணும். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுப்பது நாமெல்லாம் செய்யும் தப்பு. டேப் ஏமாறும், துணி ஏமாறாது.

ஆரி ஒர்க் ஜாக்கெட் என்றால் இந்த ட்ரையல் இரட்டிப்பு முக்கியம். ஆரி வேலைப்பாடு, துணியை சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெட்டுவதற்கு முன்னாலேயே போடப்படுவது. கழுத்து, கை, முதுகின் அளவை வரைந்துகொண்டு அதன் மேல்தான் மணியும் ஜர்தோசியும் வரும். வேலை முடிந்த பிறகு `கழுத்தை ஓர் இன்ச் இறக்குங்க' என்றால், பூவைத்தான் வெட்ட வேண்டும்.

இன்னும் மூணு விஷயம் கேட்டு வாங்குங்க. காட்டன் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்க. இல்லையென்றால் முதல் சலவையில் சுருங்கும். உள்பக்கத் தையலில் ஓர் இன்ச்சாவது துணி விடச் சொல்லுங்க. உடம்பு ஏறி இறங்கும். மிச்சத் துணி, உங்கள் பேட்டர்ன் பேப்பர் இரண்டையும் கேட்டு வாங்கி வைங்க. அடுத்த உடைக்கு அது அஸ்திவாரம்.

பழைய புடவையை வெட்டுவதற்கு முன்...

பழைய பட்டு, மடிப்பில்தான் முதலில் சாகும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மடிப்பு வரிகளைப் பாருங்க. இழை விலகியிருந்தாலோ, மெதுவாக இழுத்தால் பிரிந்தாலோ, உடம்போடு ஒட்டிய உடைக்கு அது தாங்காது. துப்பட்டா, குழந்தைப் பாவாடை, சுவரில் மாட்டும் ஃபிரேம் என்று பாரமில்லாத வேலை கொடுங்க. தாங்கும் என்றால், முழுப் புடவைக்கும் அடியில் மெல்லிய லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்க. முந்தானையையும் கரையையும் எங்கே வைக்கப்போகிறார் என்று சாக்பீஸால் வரைந்து காட்டச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் `வெட்டுங்க' என்று சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு திரும்பி வரும் வழி கிடையாது.

எப்போ ஆர்டர் கொடுக்கணும்?

கல்யாண உடை என்றால் குறைந்தது நாலு மாதம் முன்னால் தொடங்குங்க. நூல், பாவு, நெசவுக்கு இரண்டு மாதம். பேட்டர்ன், காடா ட்ரையல், ஆரி, தையலுக்கு ஒன்றரை மாதம். மீதி நாள்கள் திருத்தத்துக்கு.

* ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் டிசைனர்களுக்குக் கை கொஞ்சம் காலியாக இருக்கும். நிதானமாகப் பேசவும் ட்ரையல் பார்க்கவும் நல்ல சமயம்.
* ஆவணிக் கல்யாணத்துக்குச் சித்திரையிலும், தைக் கல்யாணத்துக்குப் புரட்டாசிக்கு முன்பும் தறிக்குச் சொல்லிடுங்க.
* ஐப்பசி, கார்த்திகை மழையில் நெசவு தடுமாறும். பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடும் வேலைக்கு வெயில் வேண்டும். குழித்தறியில் தண்ணீர் ஊறும். அந்த மாதங்களில் `லேட் ஆகும்' என்று சொன்னால் நம்புங்க.
* தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரங்களில் எந்த டெய்லரிடமும் புது பேட்டர்ன் கேட்காதீங்க.
* நம்ம ஊர் ஸ்பெஷல்: பௌர்ணமியன்று ட்ரையல் வைக்காதீங்க. ஊருக்குள்ளே வண்டியே நுழையாது!

ரசீதில் என்ன எழுதணும்?

`கவுன் - 1' என்றல்ல. துணி யாருடையது, எத்தனை மீட்டர், என்ன நிறம், லைனிங் உண்டா, எத்தனை ட்ரையல், ட்ரையல் தேதி, டெலிவரி தேதி, மொத்தத் தொகை, முன்பணம், திருத்தத்துக்குத் தனிக் காசு உண்டா... எல்லாம். நீங்கள் கொடுத்த துணிக்கு டிசைனர் தரப்பில் சேதம் வந்தால் என்ன செய்வது என்பதும் ஒரு வரி. தயக்கமாக இருந்தால் வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில், `அண்ணா, நாம பேசினது இதுதானே?' என்று மரியாதையாக அனுப்பி, `ஆமா' என்ற பதிலை வாங்கிடுங்க. டெலிவரி தேதியை விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே சொல்லுங்க.

ஏமாற்றப்பட்டால்? தையலும் ஒரு சேவைதான். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கல்யாணத்துக்குள் ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுக்காத ஒரு டெய்லர், முன்பணத்தை வட்டியோடு திருப்பித் தருவதுடன் இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்று அகமதாபாத் நுகர்வோர் ஆணையம் 2025-ல் உத்தரவிட்டது. ரசீது இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

கைக்கு வந்த பிறகு...

பட்டை முதல் முறை டிரை வாஷ் கொடுங்க. பிளாஸ்டிக் கவரில் வைக்காதீங்க. பழைய காட்டன் வேட்டி அல்லது துணிப்பையே நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி மடிங்க. 27 வருஷம் ஒரே மடிப்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே சொல்லிவிட்டேனே. பெர்ஃப்யூமை ஜரிகை மேல் அடிக்காதீங்க, கறுத்துப்போகும்.

முள் ஊசி

ரமண மகரிஷி இந்த மலையில் இருந்த ஆரம்ப நாள்களில், கிழிந்துபோன தன் கோவணத்தைத் தைக்க யாரிடமும் ஊசி நூல் கேட்கவில்லை என்பார்கள். ஒரு முள்ளை எடுத்து, அதில் துளை போட்டு ஊசியாக்கி, அதே துணியிலிருந்து ஓர் இழையை உருவித் தைத்துக்கொண்டாராம். எல்லாவற்றையும் விட்டவரும், இருந்த ஒரே துணியைத் தூக்கிப் போடவில்லை. பத்து உடை வாங்கி ஒன்பதை மறக்கும் நமக்கு, ஒன்றைச் சொல்லிச் செய்து, கிழிந்தால் தைத்து, வருஷக்கணக்கில் போடுவது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

சரி, அம்மாவின் புடவை என்ன ஆச்சு? போன வருஷம் சித்தி மகள்கள் இரண்டு பேரும் நானும் சேர்ந்து ஒரு கூட்டுப் பாவு போட்டோம். அரக்குப் பாவு, பச்சைக் கரை. வேட்டியில் மடித்து வைத்திருந்த துண்டைத்தான் நிறத்துக்கு மாதிரியாகக் கொடுத்தோம். ஒருத்தி ஊடைக்கு மாம்பழ மஞ்சள் கேட்டாள், இன்னொருத்தி கருநீலம். நான் அரக்குக்கு அரக்கே கேட்டேன். சொன்ன நாளுக்கு மேல் 12 நாள் ஆச்சு. மழை.

புடவை வந்ததும் அம்மா முந்தானையைப் பிரிக்கவில்லை. முதலில் திருப்பிப் போட்டுக் கோர்வையைத் தடவிப் பார்த்தார். ``பச்சை ஒரு பொட்டு கூடிப்போச்சு'' என்றார். அந்தக் கார்த்திகை தீபத்துக்கு, மொட்டை மாடியில் மலையைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும்போது, அதைத்தான் கட்டியிருந்தார்.

உங்க வீட்டு பீரோவிலும் ஒரு துணி இருக்கும். கத்திரி எடுக்கும்முன் பேசிடுங்க.